டாக்குரியா ஏரிக்கரையும் கானகக் கைத்திறனும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியில், சியால்தாவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புறநகர் ரயில் பாதையில், பாலிகஞ்சை அடுத்து வரும் நிலையம் டாக்குரியா ஆகும். இதன் அருகில் உள்ள பெரிய ஏரி இயற்கையாகத் தோன்றியதன்று. சதுப்பும் புதரும் மண்டிக் கிடந்த சுமார் 192 ஏக்கர் நிலத்தை 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் கையகப்படுத்தி, அதன் ஒரு பகுதியில் ஏரியை வெட்டிற்று. நீர்ப்பரப்பு மட்டும் ஏறக்குறைய 73 ஏக்கர். எஞ்சிய நிலத்தில் மரங்களும் நடைபாதைகளும் அமைந்தன. நெடுங்காலம் டாக்குரியா ஏரி என்றே வழங்கிய இதற்கு 1958ஆம் ஆண்டில் ரவீந்திர சரோவரம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது.

நெரிசல் மிகுந்த நகரத்தின் மக்களுக்கு இவ்வேரிக்கரை திறந்த வெளியின் முதல் வாயிலாக விளங்குகிறது. விடியற்காலையில் நடைப்பயிற்சி செய்வோரும், துடுப்புப் படகு செலுத்துவோரும், பறவைகளை நோக்கிப் பட்டியலிடுவோரும் இங்குக் காணப்படுகின்றனர். நூற்றுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. ஏரிக்கரையில் கண்ணும் காதும் பழகியவர்களுள் சிலர், விடுமுறை நாட்களில் பாங்குரா, புருலியா மாவட்டங்களின் குன்றுகளுக்கும் சால் காடுகளுக்கும் செல்கின்றனர். அங்கே கூடாரம் அமைத்தல், முடிச்சிடுதல், நீரைத் தூய்மை செய்தல், தீ மூட்டுதல், தடம் அறிதல் முதலிய திறன்களைப் பயில்கின்றனர். இத்திறன்களின் தொகுதியைக் கானகக் கைத்திறன் எனலாம். ஊர் திரும்பியபின் தாம் கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் கூறி மகிழ்வதும் இப்பொழுதுபோக்கின் ஒரு கூறாகும்.

இவ்வாறு பகிரப்படும் செய்திகளுள் எவை பிறருக்குப் பயன்படுகின்றன, எவை வெறும் கதையாக முடிகின்றன என்பதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் ஆராய்ந்து பார்த்தல் நன்று. சில வேளைகளில் ஓர் உயிரே இவ்வேறுபாட்டைப் பொறுத்திருக்கக் கூடும்.

வானத்தைப் படித்தல்

2022ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் மாலை, இதே ஏரியில் துடுப்புப் படகுப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த பள்ளி மாணவர்களின் படகு, திடீரென எழுந்த சூறைக்காற்றில் கவிழ்ந்தது. இரு மாணவர்கள் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். அடர்ந்த காட்டிலோ உயர்ந்த மலையிலோ நேர்ந்த விபத்தன்று இது. நகரத்தின் நடுவில், நாற்புறமும் சாலைகள் சூழ்ந்த ஏரியில் நேர்ந்தது.

அன்று வீசியது வங்காளத்தில் கால்பைசாகி என்று வழங்கும் கோடை இடிமழைக் காற்றாகும். மார்ச் முதல் மே வரை, பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும், வடமேற்குத் திசையிலிருந்து இது வருகிறது. சோட்டா நாகபுரி பீடபூமியின் தரை வெயிலால் கடுமையாகச் சூடேறுகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று அங்கே மேலெழுந்து, பல கிலோமீட்டர் உயரமுள்ள இடிமுகில்களாகத் திரள்கிறது. முகிலிலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. அதனால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, கனத்து, கீழே பாய்ந்து, தரையில் மோதி முன்புறமாகப் பரவுகிறது. ஆகவே மழை வந்து சேருமுன்பே காற்று வந்துவிடுகிறது. மழைத்துளி விழுந்தபின் கரையேறலாம் என்று காத்திருப்பவர் காலம் தாழ்த்தியவராவார்.

இதன் அறிகுறிகள் முன்னரே புலப்படுவன. வடமேற்கு அடிவானத்தில் கரிய முகில் வளைவு தோன்றும். புழுக்கத்தினிடையே காற்று சற்று ஓய்ந்து நிற்கும். பின்னர் அதன் திசை மாறிக் குளிர்ச்சி உறைக்கும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுவதும் எளிது. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லுமாதலின், மூன்று விநாடி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குச் சமம். இடைவெளி 30 விநாடியோ அதற்குக் குறைவோ ஆயின், இடிமுகில் 10 கிலோமீட்டருக்குள் உள்ளது என்று பொருள். உடனே நீரை விட்டு வெளியேறி, தனிமரத்தின் அடியில் ஒதுங்காமல், கட்டடத்தினுள் புகுதல் வேண்டும். கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியும்வரை வெளியே வாராதிருப்பது உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் விதியாகும்.

கத்தியையும் கயிற்றையும் கையிலெடுக்குமுன் வானத்தைப் படிக்கக் கற்பதே கானகக் கைத்திறனின் முதற்பாடம். இதற்கு எந்த உபகரணமும் தேவையில்லை. எந்தப் பள்ளியின் விளையாட்டுத் திடலிலும் கற்பிக்கலாம்.

வங்காளத்தின் வெளியுலா மரபு

மாணவரை வெளிப்புறத்துக்கு அழைத்துச் சென்று கற்பிக்கும் வழக்கம் இந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலவி வருகிறது. பேடன் பவல் 1908இல் வெளியிட்ட சாரணர் நூலை ஒட்டி எழுந்த இயக்கம் விரைவிலேயே இந்தியாவிலும் பரவிற்று. இங்கிருந்த பல சாரண அமைப்புகள் 1950ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் ஒன்றாகி, பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. வங்காளத்தில் இதனோடு மற்றொரு முயற்சியும் தோன்றியது. இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த குருசதய் தத் 1932இல் விரதசாரி இயக்கத்தைத் தொடங்கினார். நாட்டுப்புற ஆடலையும் பாடலையும் உடலுழைப்புடன் இணைத்த இவ்வியக்கத்தினர், குளங்களில் படர்ந்த ஆகாயத் தாமரையை அகற்றுதல் போன்ற ஊர்ப்பணிகளையும் மேற்கொண்டனர்.

விடுதலைக்குப் பின் மலையேற்றம் மக்களின் ஆர்வத்தைக் கவர்ந்தது. எவரெஸ்ட் சிகரம் எட்டப்பெற்ற மறு ஆண்டான 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. 1960இல் சுகுமார் ராய் தலைமையில் வங்காளத்துப் பொதுமக்களின் குழு ஒன்று கட்வால் இமயத்திலுள்ள நந்தா குண்டிச் சிகரத்தை ஏறி முடித்தது. அதனைத் தொடர்ந்து கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் மலையேற்ற மன்றங்கள் பல தோன்றின.

இமயத்துக்குச் செல்லுமுன் பழகுவதற்கு அருகில் ஒரு குன்று தேவைப்பட்டது. பாங்குரா மாவட்டத்திலுள்ள சுசுனியா மலை அத்தேவையை நிறைவேற்றுகிறது. நானூறு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரமுடைய இம்மலையில், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சந்திரவர்மன் என்னும் மன்னனின் கல்வெட்டு உள்ளது. அடிவாரத்தில் ஊற்றுநீர் இடையறாது பாய்கிறது. குளிர்காலத்தில் இங்கும், புருலியா மாவட்டத்தின் ஜெயசண்டி மலையிலும், அயோத்தியா மலைப் பகுதியிலும் பாறையேறும் பயிற்சி முகாம்களும் இயற்கை அறிமுக முகாம்களும் நடைபெறுகின்றன. அலுவலக எழுத்தரும், ஆசிரியரும், கடைப் பணியாளரும், கல்லூரி மாணவரும் இவற்றில் பங்கு கொள்கின்றனர்.

பயணத்தை எழுதிப் பகிரும் வழக்கமும் வங்காளத்தில் வலிமையுடன் வளர்ந்துள்ளது. இமயத்தைப் பலமுறை சுற்றிய உமாபிரசாத் முகோபாத்தியாயர் எழுதிய 'மணிமகேஷ்' என்னும் பயண நூலுக்கு 1971இல் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. இத்தகைய நூல்கள் படிப்போரைப் புறப்படத் தூண்டுகின்றன. ஆயினும் புறப்பட்டவருக்குத் தூண்டுதலோடு துல்லியமான குறிப்பும் தேவை.

பீர்ஹோர் மக்களின் குடிலும் கயிறும்

நகரத்து ஆர்வலர் விடுமுறை நாளில் பயிலும் திறன்கள், புருலியாவின் காடுகளிலும் சோட்டா நாகபுரியிலும் சில சமூகத்தாருக்கு வாழ்க்கை முறையாகவே இருந்து வந்துள்ளன. அவர்களுள் பீர்ஹோர் மக்கள் குறிப்பிடத்தக்கவர். முண்டாரி மொழியில் 'பீர்' என்பது காடு. 'ஹோர்' என்பது மனிதன். இவர்களுள் இடம்விட்டு இடம் பெயர்ந்தோர் உத்லு என்றும், ஓரிடத்தில் தங்கியோர் ஜாகி என்றும் அழைக்கப்பட்டனர். ராஞ்சியைச் சேர்ந்த வழக்கறிஞரும் மானிடவியல் அறிஞருமான சரத் சந்திர ராய், இம்மக்களிடையே நேரில் சென்று கண்டவற்றை 1925இல் தனி நூலாக வெளியிட்டார். இன்று மேற்கு வங்கத்தில் லோதா, டோட்டோ மக்களுடன் பீர்ஹோர் மக்களும் மிகவும் பின்தங்கிய பழங்குடியினருக்குரிய தனிப் பட்டியலில் இடம் பெற்றுள்ளனர். புருலியா மாவட்டத்தின் பாக்முண்டி வட்டாரத்தில் அவர்களது குடியிருப்புகள் உள்ளன.

அவர்களது மரபுக் குடிலுக்குக் கும்பா என்று பெயர். கிளைகளால் சட்டம் அமைத்து, அதன்மேல் இலைதழைகளை அடர்த்தியாக வேய்வர். வாயில் தாழ்வாக இருக்கும். ஓட்டுக்கூரையும் கீற்றுக்கூரையும் எவ்விதியைப் பின்பற்றுகின்றனவோ அதே விதிக்கே இதுவும் உட்பட்டது. கீழ் வரிசையை முதலில் வேய்ந்து, மேல் வரிசை அதன்மேல் படியுமாறு அடுக்கினால், நீர் இலையிலிருந்து இலைக்கு இறங்கித் தரையை அடைகிறது. வரிசை மாறினால் நீர் உள்ளே புகும். சரிவு குறைந்தாலும் அவ்வாறே. முதன்முறை தழைக்குடில் அமைக்கும் நகரத்தார் இரவில் நனைவதற்கு இவ்விரண்டு பிழைகளே பெரும்பாலும் காரணமாகின்றன.

பீர்ஹோர் மக்களின் தலையாய தொழில் கயிறு திரித்தல் ஆகும். ஆத்தி மரத்தின் இனத்தைச் சேர்ந்த, சிஹோர் என்னும் பெருங்கொடியின் பட்டையிலிருந்து நார் எடுத்துக் கயிறாக்கி, அருகிலுள்ள சந்தைகளில் விற்று வந்தனர். இதே வட்டாரத்தில் சபாய் என்னும் புல்லும் கயிற்றுக்குப் பயன்படுகிறது. தனித்தனியே குறுகியதும் வலுக்குறைந்ததுமான நார்கள் நீண்ட வலிய கயிறாவது எவ்வாறு? நாரை ஒரு திசையில் முறுக்கிப் புரியாக்குகின்றனர்; புரிகளை எதிர்த்திசையில் முறுக்கிக் கயிறாக்குகின்றனர். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ள முயலும்போது, மற்றப் புரிகளை இன்னும் இறுகப் பற்றுகிறது. சுமை ஏற ஏற நார்களுக்கிடையே உராய்வு மிகுகிறது. முடிச்சு உள்ள இடத்தில் மட்டும் நார்கள் கூர்மையாக வளைவதால் வலு கணிசமாகக் குறைகிறது. பாரம் தாங்கும் கயிற்றில் தேவையற்ற முடிச்சு இடலாகாது என்பது இதனாலேயே.

தென்னை நாரும் பனை நாரும் திரிக்கும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இவ்வுண்மையை ஆசிரியர் நேரிலேயே காட்டலாம். அதேபோல், வங்காளத்துச் சால் இலைத் தட்டையும் தமிழ்நாட்டுத் தையல் இலையையும் தொன்னையையும் ஒப்பிட்டு, எவ்விலை எத்தனை நாள் வாடாமல் இருக்கிறது, எது சூட்டைத் தாங்குகிறது என்று மாணவரைச் சோதிக்கச் செய்யலாம்.

ஒரு முறையை யாரிடமிருந்து கற்றார் என்பதையும் ஆர்வலர் தம் குறிப்பில் எழுதுதல் கடமையாகும். பல தலைமுறைகளாகச் சோதித்துத் தேர்ந்த அறிவை விடுமுறை நாளில் கண்டுபிடித்தது போலக் கூறுவது நேர்மையன்று. மேலும், காட்டில் பிழைப்போர் தேவைக்கு வெட்டும் கொடியையும் கிளையையும் பொழுதுபோக்குக்காக வெட்டுவது அவர்களது வாழ்வாதாரத்தைக் குறைப்பதாகும். விழுந்து கிடக்கும் கிளைகளே பயிற்சிக்குப் போதுமானவை.

தீக்கடைகோல் கற்பிக்கும் பாடம்

கானகக் கைத்திறன் பயில்வோரை மிகவும் கவர்வது மரத்தோடு மரம் தேய்த்துத் தீ உண்டாக்கும் முறையாகும். தமிழில் இக்கருவிக்குத் தீக்கடைகோல் என்று பெயர். சங்க நூல்களில் இது ஞெலிகோல் எனப்படுகிறது. வேள்விகளில் பயன்படும் அரணிக்கட்டையும் இவ்வகையினதே. காய்ந்த மென்மையான பலகையில் சிறு குழி செய்து, அதில் கோலை ஊன்றிக் கடைந்தால், உராய்வினால் நுண்ணிய மரத்தூள் உதிர்ந்து கருகுகிறது. குழியின் ஓரத்தில் வெட்டிய பிளவில் அத்தூள் குவிந்து, உஷ்ணம் உள்ளேயே தங்கிக் கங்காகிறது. அக்கங்கைச் சணல் நாரிலோ இலவம் பஞ்சிலோ வைத்து ஊதினால், பிராணவாயு மிகுந்து சுடர் எழுகிறது.

ஓர் ஆர்வலர் பிப்ரவரி மாதத்தில் புருலியாவில் சில நிமிடங்களில் கங்கு உண்டாக்கினார் என்றும், மற்றொருவர் அதே கருவியுடன் ஆகஸ்டு மாதத்தில் டாக்குரியாவில் அரைமணி நேரம் கடைந்தும் புகை மட்டுமே கண்டார் என்றும் கொள்வோம். முதல்வர் வல்லவர் என்றும் மற்றவர் பயிற்சியற்றவர் என்றும் கேட்போர் முடிவு செய்யக்கூடும். காரணமோ காற்றில் இருக்கிறது. மரம் காற்றின் ஈரத்தை ஏற்றும் இழந்தும் அதனுடன் சமநிலை அடையும் தன்மையது. ஒப்பு ஈரப்பதம் 40 சதவிகிதமாக உள்ள காற்றில் நாட்பட இருந்த மரத்தில், உலர்ந்த எடையில் ஏறத்தாழ 7 அல்லது 8 சதவிகிதம் நீர் இருக்கும். ஈரப்பதம் 80 சதவிகிதமானால் மரத்தின் நீர் ஏறத்தாழ 16 சதவிகிதமாகும். கடைவதால் உண்டாகும் உஷ்ணம் இந்நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஆகவே நாளும் இடமும் ஈரப்பதமும் குறிக்கப்படாத வெற்றிச் செய்தி, படிப்போருக்கு எதையும் கற்பிப்பதில்லை. அவை குறிக்கப்பட்ட தோல்விச் செய்தி மிகுதியாகக் கற்பிக்கிறது.

தீயைப் பற்றிய மற்றொரு பாடம் கடுமையானது. சால் மரங்கள் இலையுதிர்க்கும் வசந்த காலத்தில் காட்டின் தரை முழுவதும் உலர்ந்த சருகு படிகிறது. அணைந்ததாக எண்ணி விட்டுச்சென்ற ஒரு கங்கு, நெடுநேரம் கழித்தும் அச்சருகைப் பற்றவைக்க வல்லது. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைப்பகுதியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் தீ மூட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. தீக்கடைகோல் பயிற்சியைச் சருகு நீக்கிய பள்ளித் திடலில், ஒரு வாளி நீரை அருகில் வைத்துக்கொண்டு நடத்துவதே தக்கது.

நீரும் நஞ்சும்

தெளிந்த நீர் தூய நீர் என்று எண்ணுவது பொதுவான பிழையாகும். கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தமிழ்நாட்டில் தேற்றாங்கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் தேய்ப்பது பழைய வழக்கம். வங்காளத்தில் இதனை நிர்மலி என்பர். விதையிலுள்ள பொருள்கள் நுண்ணிய களிமண் துகள்களை ஒன்று சேர்த்துக் கனமாக்குவதால், அவை அடியில் படிகின்றன. எனினும் தெளிந்தபின் நீரைக் கொதிக்க வைத்தல் வேண்டும். நன்கு தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் அழியும். கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கு உயர்ந்த இடங்களில் மூன்று நிமிடம் தேவை.

கொதிக்க வைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பாங்குரா, புருலியா மாவட்டங்களின் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. இந்தியத் தரநிர்ணயத்தின்படி குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்து 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படுகிறது. புளோரைடு கொதிப்பதால் நீங்காது. சில நாள் தங்கும் ஆர்வலருக்கு இதனால் பெருந்தீங்கு இல்லையாயினும், அந்நீரையே ஆண்டு முழுவதும் அருந்தும் ஊராரின் பற்களுக்கும் எலும்புகளுக்கும் கேடு விளைகிறது. வெளியுலா செல்வோர் எந்தக் கிணற்றில் நீர் எடுத்தனர், அது சோதிக்கப்பட்டதா என்று குறித்து வைத்தால், பின்வரும் களப் பணியாளருக்கு அது உதவும்.

நச்சுப் பாம்புகளைப் பற்றிய எச்சரிக்கையும் இன்றியமையாதது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும் இயல்புடையது. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலால் கடிபட்டவர் உணராமலே இருந்துவிடக்கூடும். தரையினின்று உயர்ந்த படுக்கையும், விளிம்பைப் பாயின் அடியில் செருகிய கொசுவலையும் நல்ல காப்பு. கடிபட்டவிடத்தைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், வாயால் உறிஞ்சுதலும் தவறானவை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைதலே வழி. பயணம் புறப்படுமுன் அத்தகைய மருத்துவமனை எங்குள்ளது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

புருலியாவில் கடிபட்டவருக்குச் செலுத்தப்படும் இம்மருந்தின் வரலாறு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. பாம்பின் தடமறிந்து உயிரோடு பிடிப்பதில் இருளர் மக்கள் தேர்ந்தவர். அத்திறனை அடிப்படையாகக் கொண்டு 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நஞ்சு சேகரித்து, மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அளித்து வருகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. கானகக் கைத்திறன் முறையாகப் பதிவு பெற்று, அதனை உடையோரின் பங்கும் ஏற்கப்படும்போது, நாடு முழுவதற்கும் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு இது தக்க சான்று.

லோன்சிங் கிராமத்து ஆசிரியர்

இன்றைய வங்காளதேசத்தில் உள்ள லோன்சிங் என்னும் சிற்றூரில் கோபால் சந்திர பட்டாச்சாரியர் என்பவர் பள்ளியாசிரியராக இருந்தார். 1895இல் பிறந்த அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். இருளில் ஒளிரும் ஒன்றைக் கண்டு ஊரார் அஞ்சிய இடத்துக்கு அவர் இரவில் நேரில் சென்று பார்த்தார். அழுகிய மரத்திலிருந்தும் தழையிலிருந்தும் அவ்வொளி வருவதைக் கண்டார். மட்கும் மரத்தில் வளரும் சிலவகைப் பூஞ்சைகள் உஷ்ணமின்றி ஒளி உமிழும் என்பது இன்று நன்கு அறியப்பட்ட உண்மையாகும். தாம் கண்டதை அவர் 'பிரபாசி' என்னும் வங்காளப் பத்திரிகையில் எழுதினார். அக்கட்டுரை ஜகதீச சந்திர போஸின் கவனத்தைக் கவர்ந்தது. அவர் அழைப்பின் பேரில் 1921இல் பட்டாச்சாரியர் கல்கத்தாவிலுள்ள போஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கும் அவர் தோட்டத்தையும் குளக்கரையையுமே ஆய்வுக்கூடமாகக் கொண்டார். எறும்புகள், எறும்பு போன்ற தோற்றமுடைய சிலந்திகள், மீன் பிடித்துண்ணும் சிலந்திகள் ஆகியவற்றை நாட்கணக்கில் நோக்கிக் குறிப்பெழுதினார். சத்தியேந்திரநாத் போஸின் முன்முயற்சியில் 1948இல் அமைந்த வங்க விஞ்ஞான மன்றத்தின் 'ஞானமும் விஞ்ஞானமும்' என்னும் இதழை நெடுங்காலம் நடத்தினார். வங்காளத்துப் பூச்சிகளைப் பற்றிய அவரது நூலுக்கு 1975இல் ரவீந்திர பரிசு கிடைத்தது. அன்றிரவு அவ்வாசிரியர் கண்டதை நண்பரிடம் கூறியதோடு நிறுத்தியிருந்தால், அது மற்றொரு பேய்க்கதையாகவே எஞ்சியிருக்கும்.

குறிப்பேட்டில் இருக்க வேண்டியவை

வெளியுலாக் குறிப்பு நீண்டதாக இருக்க வேண்டுவதில்லை. ஆறு செய்திகள் அதில் அமைந்தால் போதும். முதலாவது, நாளும் நேரமும் இடமும். இரண்டாவது, வானிலை: வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, முகில். மூன்றாவது, செய்த பொருளின் அளவும் பயன்படுத்திய மூலப்பொருளும், அது எவ்வளவு நேரம் அல்லது எவ்வளவு பாரம் தாங்கிற்று என்பதும். நான்காவது, தவறியவை, அவற்றுக்குத் தோன்றும் காரணம். ஐந்தாவது, அம்முறையைக் கற்பித்தவர் அல்லது அதனை உடைய சமூகம். ஆறாவது, காட்டிலிருந்து எடுத்தது என்ன, அங்கே விட்டு வந்தது என்ன என்னும் கணக்கு.

இவற்றுள் நான்காவதையே பலரும் விட்டுவிடுகின்றனர். கூரை ஒழுகியதையும், கயிறு அறுந்ததையும், புயலின் அறிகுறியைக் கவனியாமல் சற்றே தாமதித்துத் தப்பியதையும் கூற மனம் கூசுகின்றது. தப்பிப் பிழைத்தவர் கூறாது விட்ட பிழை, அடுத்து வருபவருக்குக் காத்திருக்கிறது. ஒரு குழுவின் கூட்டத்தில் வெற்றிகளைக் கேட்குமுன் தவறுகளைக் கேட்பது என்று வழக்கம் ஏற்படுத்தினால், அக்கூச்சம் நீங்கும்.

மாணவருக்கு இதனைக் கற்பிக்கக் காடு தேவையில்லை. ஊர்க் குளத்தின் கரையோ கோயில் நந்தவனமோ போதும். ஒவ்வோராண்டும் பிப்ரவரி மாதத்தில் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2013 முதல் இந்தியாவிலும் பலர் இதில் கலந்துகொள்கின்றனர். பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினாலே அதில் பங்கு பெறலாம். காணாததை எழுதாமையும், ஐயமுள்ளதை உறுதியாகக் கூறாமையும் மாணவர் அப்பதினைந்து நிமிடத்தில் பெறும் பயிற்சியாகும்.

டாக்குரியா ஏரி நூறாண்டுக்கு முன் மனிதர் வெட்டியது. இன்று அதில் தங்கும் பறவைகளைப் பற்றி நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, ஊதியமின்றி விடியலில் வந்து நின்று எண்ணியவர்களின் குறிப்பேடுகளால் கிடைத்ததாகும். தம் ஊர் நீர்நிலைக்கும் குன்றுக்கும் அத்தகைய குறிப்பேடு ஒன்று உள்ளதா என்று களப் பணியாளரும் ஆசிரியரும் விசாரித்தல் வேண்டும். இல்லையெனில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அதன் முதற்பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.